பழைய பங்களாவை இடிக்கும் முன்

புத்தூரிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது வடமாலபேட்டை. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் முந்தைய தலைமுறையினர் கட்டிய ஓட்டு வீடுகளும் பங்களாக்களும் இன்றும் நிற்கின்றன. சென்னையிலோ பெங்களூருவிலோ பணியாற்றி ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பி, பழைய வீட்டின் இடத்தில் வசதியான புதிய வீடொன்று கட்ட வேண்டும் என்பது பலருடைய நெடுநாள் விருப்பம். இடிக்கும் இயந்திரம் ஓரிரு நாள்களில் தன் வேலையை முடித்துவிடும். இடித்தபின் திருத்த இயலாதவை சில உண்டு. அவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்போம்.

பத்திரங்களைத் தேடுவோம்

1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தபோதும், வடமாலபேட்டை ஆந்திரத்திலேயே நீடித்தது. 2022 ஏப்ரல் 4 முதல் அது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. எனவே, ஒரே வீட்டின் ஆவணங்களில் வெவ்வேறு மாவட்டப் பெயர்கள் இருக்கலாம். தாய்ப்பத்திரம் தமிழிலும் பிந்தைய பத்திரம் தெலுங்கிலும் இருக்கலாம். எல்லைகளும் அளவுகளும் இரண்டிலும் ஒத்துள்ளனவா என்று பார்த்து, வில்லங்கச் சான்றும் பெற்றுவிடுவது முதல் பணி.

தமிழகத்தில் கிராம நத்தம் எனப்படும் குடியிருப்பு நிலம் ஆந்திரத்தில் கிராமகண்டம் எனப்படுகிறது. அத்தகைய நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தும் எழுத்துப்பூர்வ உரிமை ஆவணம் இல்லாத குடும்பங்கள் உண்டு. இக்குறையைப் போக்கவே, 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வாமித்வா திட்டம் டிரோன் மூலம் ஊர்களை அளந்து சொத்து அட்டை வழங்குகிறது. தோட்டத்து நிலத்தில் வீடு கட்டுவோர், வேளாண் அல்லாத பயன்பாடு குறித்து இன்று நடப்பிலுள்ள விதியை வருவாய் அலுவலகத்திலும், கட்டட அனுமதி குறித்து ஊராட்சியிலும் கேட்டறிய வேண்டும்.

உடன்பிறந்தாளின் பங்கு

வீடு பூர்வீகச் சொத்தாயின், அதில் யார் யாருக்குப் பங்கு என்பதே அடுத்த கேள்வி. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான உரிமை வழங்கிய ஆந்திரத் திருத்தச் சட்டம் 1985 செப்டம்பர் 5 முதல் செயலுக்கு வந்தது. அந்நாளுக்கு முன் மணமான மகள்கள் அதில் சேரவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் இவ்வேறுபாட்டை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டிய தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பதிவான பாகப்பிரிவினைகளை இத்திருத்தம் பாதிக்காது.

அக்காளும் தங்கையும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை குடும்பத்துக்குள் போதுமானதாக இருக்கலாம். கடன் வழங்கும் வங்கிக்கு அது போதாது. பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ தேவைப்படும். எல்லோருக்கும் பொதுவான வீட்டை ஒருவர் மட்டும் முடிவெடுத்து இடித்துவிட்டால், பணத்தால் ஈடுசெய்ய முடியாத மனத்தாங்கலே மிஞ்சும். ஆகவே, கையொப்பத்துக்கு முன்பு கலந்து பேசுதல் வேண்டும்.

இடிப்பதா, கழற்றுவதா?

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீடும் கேரளத்து மரவீடுகளும் உள்ளன. அவை இருந்த ஊர்களில் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, இங்கே கொணர்ந்து மீண்டும் எழுப்பப்பட்டவை. முழு வீட்டையும் பெயர்ப்பது நமக்கு இயலாது. எனினும் அந்த முறையிலிருந்து கற்க நிறைய உண்டு.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லைப் பெரும்பாலும் உடையாமல் பிரித்தெடுக்கலாம். சிமெண்டுக் கட்டில் அது கடினம். மெட்ராஸ் மொட்டைமாடி எனப்படும் பழைய தளங்களைத் தாங்கும் தேக்கு விட்டங்கள், கரையான் அரிக்காமல் இருந்தால், புதிய வீட்டின் நிலைகளாகவும் கதவுகளாகவும் மாறும். மங்களூர் ஓடுகள் முன்வாசல் தாழ்வாரத்துக்கு உதவும். கிணற்றை இடிபாடுகளால் தூர்த்துவிடாமல், மொட்டைமாடியின் மழைநீரை வடிகட்டி அதில் சேர்க்கலாம். சுவர்களும் அடித்தளமும் உறுதியாக உள்ளனவா என்று ஒரு பொறியாளரிடம் காட்டினால், முழுதும் இடிக்கத் தேவையில்லை, கூரையை மாற்றினால் போதும் என்ற விடையும் கிடைக்கக்கூடும்.

கடனும் மழையும்

ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, ரூ.30 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரையிலும், 30 முதல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு வரையிலும், அதற்கு மேல் 75 விழுக்காடு வரையிலும் அமையலாம். எஞ்சியது நம் கைப்பணம். கட்டுமானக் கடன் தவணை தவணையாக, வேலை முன்னேறும் அளவுக்கே விடுவிக்கப்படும்; எனவே இடிக்கும் செலவையும் வாடகையையும் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். பழைய வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால், வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி ஒரு செங்கல்லையும் பெயர்க்கலாகாது.

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதியும் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் தத்தளித்ததை மறந்திருக்க மாட்டோம். தை மாதத்தில் அடித்தளம் இட்டு, ஐப்பசி மழைக்கு முன் கூரையை முடிப்பது நன்று. தரைமட்டத்தைச் சாலையைவிட உயர்த்திக் கட்டுவதற்கு ஆகும் செலவு, பின்னர் வீட்டுக்குள் புகும் நீரால் நேரும் இழப்பைவிடச் சிறியது.

பத்திரம், பங்காளிகள் ஒப்புதல், பொறியாளர் கருத்து, ஊராட்சி அனுமதி, கடன் ஒப்புதல் ஆகிய ஐந்தும் கைக்கு வந்தபின் இயந்திரத்தை அழைப்போம். புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு உடன்பிறந்தார் அனைவரும் மனமுவந்து வந்து நிற்க அதுவே வழி.