கிளிப் போட்ட பற்களுக்கு ஐந்து நிமிடம்

என் வகுப்பு மாணவி ஒருத்தி பற்களுக்குக் கிளிப் போட்டிருந்தாள். மதிய உணவு முடிந்ததும் பிரஷ்ஷும் கையுமாகக் குழாயடியில் நிற்பாள். "மணி அடித்தாயிற்று, உள்ளே வா" என்று பலமுறை விரட்டியிருக்கிறேன். நாளடைவில் அவள் பிரஷ் கொண்டுவருவதையே விட்டுவிட்டாள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிளிப்பைக் கழற்றியபோது பற்கள் வரிசையாக இருந்தன. ஆனால், கிளிப் ஒட்டியிருந்த இடங்களைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள்!

அவைதான் பற்சொத்தையின் தொடக்கம். கம்பி இடுக்கில் தங்கும் உணவின் சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள கால்சியத்தைக் கரைக்கிறது. சரியாகத் துலக்காவிட்டால் நான்கு வாரங்களிலேயே திட்டுகள் தோன்றலாம். வலி இருக்காது, எனவே பிள்ளைகள் சொல்லவும் மாட்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை:

• உணவுக்குப் பின் துலக்க, குறைந்தது வாய் கொப்பளிக்க, நேரம் கொடுப்போம்.

• காலையும் இரவும் ஃபுளோரைடு பற்பசையால் கம்பிக்கு மேலும் கீழும் துலக்கச் சொல்வோம்.

• பரிசாக மிட்டாய்க்குப் பதில் பென்சில் தருவோம்.

• "கம்பிப் பல்" என்ற கேலியைத் தடுப்போம். கேலிக்கு அஞ்சும் பிள்ளை பிறர் முன் துலக்காது.

இன்றும் என் வகுப்பில் இருவர் கிளிப் அணிந்திருக்கிறார்கள். மணி அடித்த பிறகும் அவர்களுக்காக ஐந்து நிமிடம் காத்திருக்கிறேன்.