தொப்பை குறைந்தால் ஆண்மைக்குறைவு தீருமா?

நம் ஊர்ச் சுவர்களில் 'ஆண்மைக்குறைவு' விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை. சிட்டுக்குருவி லேகியத்துக்குப் பணத்தைக் கொட்டும் பலர், இடுப்பில் டேப் வைத்து அளந்து பார்ப்பதே இல்லை. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவதால் அது 34-லேயே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும்.

விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்தால்தான் குழாய் விரிந்து ரத்தம் பாயும். வயிற்றுக்குள் படியும் கொழுப்பு அந்த உட்சுவரைக் கெடுக்கிறது. போதாக்குறைக்கு, கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்னும் நொதி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரானை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது.

எடை குறைந்தால் விறைப்புக் குறைபாடு சரியாகுமா? இத்தாலியில் உடல்பருமனும் விறைப்புக் குறைபாடும் இருந்த 110 ஆண்களை 2 ஆண்டுகள் கவனித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். எடையில் 10 சதவீதமாவது குறைக்க உணவிலும் உடற்பயிற்சியிலும் வழிகாட்டப்பட்ட 55 பேரில் 17 பேருக்குக் குறை தீர்ந்தது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற 55 பேரில் 3 பேருக்குத்தான். எல்லோருக்கும் பலிக்காது என்பதும் இதில் இருக்கிறது. சர்க்கரை, புகை, மது, மனஅழுத்தம், சிலவகை பிரஷர் மாத்திரைகள் எனக் காரணங்கள் பல.

நம் தர்மபுரிக்காரர்களுக்கு உணவை மாற்றுவது கடினமில்லை. 2023-ல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் முதலில் வந்தது நீலகிரியிலும் இங்கேயும்தான். ஆனால் கேழ்வரகுக் களி சாப்பிட்டால் மட்டும் உடம்பு இளைத்துவிடாது. இரண்டு உருண்டையை ஒன்றாகக் குறைத்து, கீரைக் கடைசலையும் காயையும் கூட்ட வேண்டும். தினமும் அரைமணி நேரம் வேகமாக நடக்கவும் வேண்டும்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது. பாதிப்பு பெரும்பாலும் முதலில் அங்கேதான் தெரியும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் அறிகுறியாகவும் அது இருக்கலாம். ஏற்கெனவே நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர், தானாக விறைப்பு மாத்திரை வாங்கிப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே லேகியத்தைத் தேடுமுன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். எதற்காக வந்தீர்கள் என்பதையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.