கெடா பிள்ளைகள் – 6: இலை போட்டது யாருக்கு?

சென்ற வாரம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, சுங்கைப்பட்டாணியில் இருக்கும் ஒரு தாயார் கேட்டார்: "அந்தக் காலத்துல நம்ம பழக்கவழக்கத்தை எல்லாம் பிள்ளைங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க? தாமான் வீட்டுல இருந்துக்கிட்டு நாங்க இப்ப என்ன செய்யறது?" முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்த வாரம் முழுவதும் வேண்டியிருக்கிறது.

தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டின் பக்கச்சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு வீட்டில் காதுகுத்து என்றால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள் என்பது அப்படித்தான் அவர்கள் மனதில் பதிந்தது. மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் எந்த அடுப்பிலும் கவிச்சி ஏறாது. ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு "காப்புக் கட்டியாச்சுடா" என்ற ஒரு பதில் போதும். காப்புக் கட்டியவர் மஞ்சள் வேட்டியோடு கண்முன்னால் நடமாடிக்கொண்டிருந்தாரே! சாவு வீடும் அப்படித்தான். யார் கொள்ளி வைப்பது, யார் தண்ணீர்க் குடம் எடுப்பது என்பதெல்லாம் பத்து வயதுக்குள் தெரிந்துவிடும்.

ரப்பர் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. அதற்கு அத்தனை ஆள் வேண்டாம். பீடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில் வட்டாரத் தோட்டத்துச் சனங்கள் டவுனுக்கு வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க்கில் அப்பாவுக்கு ஒரு ஷிப்டு, அம்மாவுக்கு ஒரு ஷிப்டு. போதாக்குறைக்கு நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கில் சனியும் ஞாயிறும். பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை பிள்ளைகளும் பீடோங்கில் இருக்கும் மாமன் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட வாரத்தில் மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். அதையும் டியூஷன் எடுத்துக்கொள்கிறது. குடும்ப வழக்கங்கள் தேய்வதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பப் பள்ளியும் அமைப்புகளும் பாடுபடுகின்றன. தமிழ்ப்பள்ளித் திடலில் பொங்கல் பானை வரிசையாகப் பொங்குகிறது. 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் வட்டாரம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகத் திருமுறை ஓதும் விழா நடத்துகிறது. பால்பல் விழாத பிள்ளை மேடையேறித் தேவாரம் பாடும்போது எனக்குக் கண் கலங்கும். அவர்கள் செய்வது பெரிய காரியம். ஆனால் பள்ளியும் சங்கமும் எல்லாருக்கும் பொதுவானதைத்தான் கற்றுக்கொடுக்க முடியும். உங்கள் வீட்டுத் தாத்தா எந்த டிவிஷனில் பால் வெட்டினார், ஏன் உங்கள் வீட்டில் மட்டும் படையலுக்கு நெத்திலிக் கருவாடு வைக்கிறீர்கள் என்பதை எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்குக் குடும்பத்தை அறிமுகம் செய்ய நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த நாள் தீபாவளிக்கு முந்திய நாள்தான். இறந்துபோன மூத்தவர்களுக்குப் படையல் போடும் நாள். தீபாவளிக்கு வாங்கிய புதுத்துணியை மஞ்சள் தடவி, முதலில் அவர்களுக்கு வைத்து எடுத்துத்தான் மறுநாள் உடுத்துவது.

பீடோங் பக்கம் ஒரு வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். நடுவீட்டில் சுவரோரமாகப் படங்கள். முன்னால் தலைவாழை இலைகள். ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழிக் குழம்பு, அவித்த முட்டை, முறுக்கு, அதிரசம், கெட்டியான கோப்பி. பாட்டி ஒவ்வொரு இலையாகக் கைகாட்டி, ஏழு வயதுப் பேரனிடம் சொல்லிக்கொண்டே பரிமாறினார். "இது உங்க பூட்டன் இலை. காரம் ஆகாது அவருக்கு. இந்தக் கருவாடு உங்க பெரிய பாட்டிக்கு. மழைநாள்ல வெட்டு இல்லன்னா சம்பளமும் இல்ல. அப்பல்லாம் இந்தக் கருவாட்டை வச்சுத்தான் ஆறு புள்ளைங்களுக்குச் சோறு போட்டா." சாம்பிராணி போட்டு, சூடம் காட்டி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். மூத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று ஐந்து பத்து நிமிடம் வாசலில் நிற்பது வழக்கம். பையன் கதவில் காதை வைத்துப் பார்த்தான். பிறகு கதவைத் தட்டிவிட்டுத் திறந்து உள்ளே போனதும் நேராக இலைகளிடம் ஓடினான். "பாட்டி, முட்டை அப்படியே இருக்கே?" என்றான். பாட்டி அசரவில்லை. "அவங்க வாசனையைத்தான்யா சாப்புடுவாங்க. மிச்சம் ஒனக்குத்தான்." காக்கைக்குச் சோறு வைக்கும் பொறுப்பும் அவனுக்கே கிடைத்தது.

அந்தக் கால் மணி நேரத்தில் அந்தப் பையனுக்கு நான்கு தலைமுறை அறிமுகமாகிவிட்டது. காரம் ஆகாத பூட்டனை இனி அவன் மறக்கமாட்டான். பெயர், ஊர், ஆண்டு என்று மட்டும் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பான்.

சிக்கலான இலையும் ஒன்று உண்டு. பல வீடுகளில் தாத்தா இலையோரம் ஒரு ஸ்டவுட் போத்தலும் சிகரெட்டும் வைப்பார்கள். பிள்ளை கேட்கும். பெற்றோர் பேச்சை மாற்றுவார்கள். மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. தோட்டத்தில் கள்ளுக்கடை யார் சௌகரியத்துக்கு இருந்தது, உடம்பு நோக உழைத்தவனின் கூலி எப்படி மாலைக்குள் கரைந்தது என்பதும் நம் குடும்பக் கதைதான். இதே பீடோங்கில் ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தது. 1947இல் நடந்த மறியலில் போலீசோடு மோதல் வந்து உயிரும் போனது. லூனாசில் 1981இல் விஷச் சாராயம் பலரைக் கொன்றது; ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலுக்கு அந்தத் துயரம் பின்புலம். போத்தலை இலையில் வைப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்துகொள்ளட்டும். நான் வைக்கமாட்டேன், கோப்பி வைப்பேன். ஆனால் தாத்தா குடித்தார் என்பதையும், அதனால் பாட்டி என்ன பாடுபட்டார் என்பதையும், பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளை தாங்கும் அளவுக்குச் சொல்லத்தான் வேண்டும். மூத்தவர்களைக் கும்பிடுவதற்கு அவர்களை மாசற்றவர்களாக ஆக்கத் தேவையில்லை.

படமே இல்லாதவர்களுக்கு இலை போடும் வீடுகளும் கெடாவில் உண்டு. சப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள் அவர்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. 1943 அக்டோபரில் முடித்தார்கள். எந்தக் காட்டில், எந்த நாளில் செத்தார் என்று தெரியாததால் திதி கொடுக்கவும் வழியில்லை. அதனால்தான் தீபாவளிக்கு முந்திய நாளிலேயே அவருக்கும் ஓர் இலை. சுங்கைப்பட்டாணியில் வாழும் கோ. புண்ணியவான் 'கையறு' நாவலில் அந்தக் காலத்தை எழுதியிருக்கிறார். பெரியவர்கள் அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தங்கள் வாயால் சொல்லலாம். பிள்ளைக்குப் பயம் வருமே என்கிறார்கள். சொல்லும் முறையில் இருக்கிறது. "பூட்டனோட அண்ணன் ஒருத்தர் இருந்தார், தூரமா வேலைக்குப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க, திரும்பி வரல, அதனால நாம அவரை மறக்கறதில்ல" என்றால் ஆறு வயதுக்குப் போதும்.

பூர்வீக ஊர்ப் பெயரும் நழுவிக்கொண்டிருக்கிறது. 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முன் கங்காணியோடு கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளே இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். சேலமா, திருச்சியா, வட ஆற்காடா என்று கேட்டால் சொல்லக்கூடிய கடைசி ஆட்கள் அவர்கள்தான். இந்தப் பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுத்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கேள்வியைப் பிள்ளைகளே கேட்கட்டும். நாம் கேட்டால் வராத கதை, பேரன் கேட்டால் வரும். மங்கு, வாளி, கோட்டுப்பால், நிரை என்று பாட்டி சொல்லும் சொற்களுக்குப் பிள்ளை விளக்கம் கேட்கும்; அதிலிருந்து இன்னொரு கதை பிறக்கும். துயரம் மட்டுமே வரும் என்று அஞ்ச வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். எந்த வீட்டுப் பழைய தகரப் பெட்டியில் அந்தப் பங்குப் பத்திரம் கிடக்கிறதோ, அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயங்களை இடித்துவிட்டாலும் பல தோட்டங்களில் செம்பனைக்கு நடுவே மாரியம்மனோ முனியாண்டியோ இன்னும் இருக்கிறார்கள். ஆண்டுத் திருவிழாவுக்கு நாலா பக்கத்திலிருந்தும் பழைய சனம் வந்து சேரும். பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் ஓரமாக நாற்காலியில் உட்காரவைத்து, கையில் கைப்பேசியைத் திணித்துவிடுகிறோம். வேலை கொடுங்கள். நான்கு வயதுக் குழந்தை வேப்பிலை ஆயட்டும். எட்டு வயதுப் பிள்ளை வரிசையில் நிற்பவர்களுக்குப் பானகம் ஊற்றிக் கொடுக்கட்டும். உறுமி மேளத்துப் பையன்களைப் பாருங்கள்: வகுப்பில் ஐந்து நிமிடம் அடங்காதவன் வெயிலில் மூன்று மணி நேரம் தாளம் பிசகாமல் அடிக்கிறான். தன்னை நம்பி ஒரு காரியம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணம்தான் அவனை நிறுத்திவைக்கிறது.

அடுத்த வாரம் பிள்ளைகளோடு மெர்போக்குக்குப் போவோம். ஜெராய் மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்த கதையை நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். தங்கள் பூட்டன் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் எப்படிச் சேர்த்துச் சொல்வது என்று பார்ப்போம்.