மரக்கட்டையில் ஒரு குடும்பம்!

என் வீட்டில் நடந்த ஒரு சின்ன சம்பவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

எங்கள் ஊர் ஆம்பூர். முன்பு வேலூர் மாவட்டம், 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். பிரியாணிக்கும் தோலுக்கும் பேர் போன ஊர். இந்தப் பக்கம் நிறைய பெண்கள் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். போக முடியாத என்னைப் போன்றவர்கள் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தை, அதாவது அப்பரை, கையால் தைத்துக் கொடுக்கிறோம். ஏஜென்ட் கொண்டுவந்து தருவார், தைத்து முடித்ததும் வாங்கிப்போவார். தடித்த ஊசி, மெழுகு நூல். ஒரு ஜோடிக்குக் கிடைப்பது ஒரு டீ, ஒரு வடைக்கே சரியாகப் போய்விடும். என்ன செய்வது, பால் கணக்குக்காவது ஆகிறதே!

போன மே மாதம் ஒரு நாள். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிள்ளைகள் வெளியே போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். மதியம் நான் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். எழுந்து எண்ணிப் பார்த்தால், நான் தைத்தது 6 ஜோடி, அங்கே இருந்தது 7. பத்து வயது மூத்தவள் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். இழுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் ஊசி குத்தின இடம் சிவந்திருந்தது.

"நீ தூங்குனப்ப தச்சேம்மா. உனக்கு சீக்கிரம் முடியும்ல?"

எனக்குத் திட்டவும் வரவில்லை, மெச்சவும் வரவில்லை. இதில் என்னை அதிகம் உறைத்தது எது தெரியுமா? அவள் தையல் என் தையலைவிட நேராக இருந்தது!

என் மாமியார், "பொம்பளப் புள்ள, நாலு காசு சேரும், கத்துக்கட்டுமே" என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சும்மா இருக்கிற பிள்ளையின் கை ஏதாவது செய்யத்தான் தேடும். ஊசியை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே!

அப்போதுதான் எங்கள் ஆயா வீட்டு மரப்பாச்சி ஞாபகம் வந்தது. திருப்பதியில் வாங்கிய செம்மர ஜோடி. கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு கொடுப்பார்கள், கொலுவில் முதலில் அதைத்தான் வைப்பார்கள். அதற்குத் துணி கட்டி விளையாடித்தான் நான் வளர்ந்தேன். இன்று செம்மரம் சுலபத்தில் கிடைக்காது. அதனால் என்ன? இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் துணி காயப்போடும் மரக் கிளிப்பிலேயே பொம்மை செய்தார்களாம். ஜப்பானில் கொகேஷி என்று ஒரு மரப் பொம்மை, அதற்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. கட்டைக்கு உயிர் கொடுப்பது குழந்தைதானே!

கட்டில் கால் கடைகிற பட்டறைக்குப் போய்க் கேட்டேன். கழிவுக் கட்டையில் 3 அங்குல உயரத்துக்கு, மேலே உருண்டைத் தலை, கீழே தட்டையாக, 10 கட்டை கடைந்து கொடுத்தார்கள். பட்டறை பக்கத்தில் இல்லாதவர்கள் மரத் துணிக் கிளிப் வாங்குங்கள். கம்பியைக் கழற்றி, இரண்டு பாதியையும் முதுகோடு முதுகு சேர்த்து ஃபெவிகால் போட்டு ஒட்டினால் உடம்பு தயார். கம்பியைக் கழற்றுவது பெரியவர்கள் வேலை.

செய்முறை சுலபம். கட்டையை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சிம்பு இல்லாமல் செய்யுங்கள். ஸ்கெட்ச் பேனா மரத்தில் ஊறிப் பரவும். கண், வாய்க்குக் கலர் பென்சிலே போதும். பழைய புடவைத் துணியை விளக்குத் திரி மாதிரி உருட்டி, கழுத்துக்குப் பின்னால் கட்டினால் இரண்டு கை. கறுப்பு நூலைச் சுற்றி ஒட்டினால் கொண்டை. புடவை, வேட்டி, சட்டை எல்லாம் துண்டுத் துணிதான். கிளிப்புக்குத் தலை இல்லையே என்றால், பஞ்சைத் துணியில் உருட்டிக் கட்டிவிடுங்கள்.

எங்கள் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் தோல் துண்டு நிறையக் கிடக்கிறதே என்று பொம்மைக்கு ஒட்டாதீர்கள். அது குரோம் உப்பில் பதனிட்ட தோல். சின்னப் பிள்ளைகள் எதையும் வாயில் வைக்கும். அந்தத் துண்டுகளை அடுப்பிலும் போடக்கூடாது. புகையும் சாம்பலும் உடம்புக்குக் கெடுதல். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் மணி, பொத்தான் வைத்த பொம்மையைத் தர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஒரு பெண் தன் அக்கா நிக்காஹ்வுக்கு உடுத்தியது போலவே பச்சைத் துணியும் ஜிகினாவும் வைத்து மணப்பெண் செய்தாள். என் ஆறு வயதுப் பையன் தாத்தாவுக்குப் பஞ்சில் மீசை ஒட்டினான், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது! மூத்தவள் எங்கள் குடும்பத்தையே செய்தாள். அப்பா கையில் சாப்பாட்டுப் பை, ஆயா கையில் வெற்றிலைப் பெட்டி. என் பொம்மையின் கையில் மட்டும் ஒரு கறுப்புத் துணித்துண்டு.

"இது என்னடி?"

"அப்பர்ம்மா. நீ எப்பவும் அதத்தானே வச்சிருக்கே!"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சை அடைத்தது.

மறுநாள் ஏஜென்டிடம், இனி தினமும் 2 ஜோடி குறைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊசியே தொடுவதில்லை. மாசக் கடைசியில் கை கடிக்கத்தான் செய்கிறது, மாமியாரும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பரவாயில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பட்டறையிலிருந்து இன்னும் 5 கட்டை வாங்கி வந்தார்.

அந்தப் பொம்மைகள் இப்போது எங்கள் டிவி பெட்டி மேல் வரிசையாக நிற்கின்றன. என் பொம்மையின் கையிலிருந்த துண்டை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அது உண்மைதானே! ஆனால் மகளின் பொம்மை கையில் அவள் வைத்திருப்பது ஒரு புத்தகம். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வருகிற விடுமுறையில் நீங்களும் செய்து பாருங்கள் சகோதரிகளே. உங்கள் பிள்ளை உங்கள் கையில் எதை வைக்கிறது என்றும் கொஞ்சம் பாருங்கள்.

- ஒரு வாசகி, ஆம்பூர்.