மேனார்ட் ஜாக்சன்

மேனார்ட் ஹோல்புரூக் ஜாக்சன் (மார்ச் 23, 1938 – ஜூன் 23, 2003) அமெரிக்க வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லான்டாவின் முதல் கறுப்பின மேயர் இவரே. 1974 முதல் 1982 வரையும், 1990 முதல் 1994 வரையும் அப்பதவியில் இருந்தார்.

வானூர்தி நிலைய ஒப்பந்தங்கள்

1964-ஆம் ஆண்டின் குடிசார் உரிமைச் சட்டம் பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆயினும், மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் வாழ்ந்த அட்லான்டாவில், மாநகராட்சி ஒப்பந்தங்களில் ஒரு விழுக்காடுகூட அவர்களது நிறுவனங்களுக்குக் கிடைக்கவில்லை. வானூர்தி நிலையத்துக்குப் புதிய முனையம் கட்டும் திட்டத்தை இந்நிலையை மாற்றும் வாய்ப்பாக ஜாக்சன் பயன்படுத்தினார். பணிகளில் 25 விழுக்காடு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குச் சேர வேண்டும் என்றும், பெரிய நிறுவனங்கள் அவற்றுடன் கூட்டுச் சேர்ந்து ஒப்பந்தம் பெறலாம் என்றும் அறிவித்தார். வணிகத் தலைவர்கள் பலர் எதிர்த்தனர், ஜாக்சன் விட்டுக்கொடுக்கவில்லை. 1980 செப்டம்பரில் முனையம் திறக்கப்பட்டது.

தாக்கம்

பிற நகரங்களும் இத்தகைய ஒதுக்கீட்டை மேற்கொண்டன. எனினும், ரிச்மண்ட் மாநகரின் ஒதுக்கீட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் செல்லாது என்று தீர்ப்பளித்ததால், இம்முறைக்குக் கடும் வரம்புகள் ஏற்பட்டன. ஜாக்சன் மறைந்த ஆண்டிலேயே அட்லான்டா வானூர்தி நிலையத்தின் பெயரில் அவரது பெயரும் சேர்க்கப்பட்டது.