பி.கே.சி.க்கு இரண்டாவது வாசல்

மும்பைத் தமிழர்: வேலையும் வாழ்வும் – 14

தாராவியில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ், அதாவது பி.கே.சி. 2025 மே மாதத்திலிருந்து அக்வா லைன் இப்படி ஓடுகிறது. நடுவில் இருப்பது மித்தி ஆறு மட்டும். அந்தக் கரையில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, தேசியப் பங்குச் சந்தை, கோட்டக் தலைமையகம், வெளிநாட்டு வங்கிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். இந்தக் கரையில் தாராவியின் தொண்ணூறடி ரோடு. இங்கே ஒரு தமிழ் வீட்டில் பி.காம். படிக்கும் பிள்ளை, “இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் சேரப்போகிறேன்” என்றால், அப்பா அதை ஸ்டேட் பேங்க் கவுன்டர் வேலை என்று நினைத்துக்கொள்வார். காலேஜில் கேட்டால், அந்தக் கம்பெனிகள் நம்மிடம் வராது என்று சொல்லிவிடுவார்கள். காலேஜ் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

முதலில், அந்த வேலை என்ன? 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா 27,870 கோடி ரூபாய்க்கு ஐ.பி.ஓ. (பங்குகளின் முதல் பொது விற்பனை) வந்தது. அதுவரை இந்தியா கண்டதில் அதுதான் பெரியது. கார் தயாராவது நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். விற்கப்பட்ட பங்குகள் அத்தனையும் கொரியத் தாய்க் கம்பெனியின் கையிலிருந்தவை. கம்பெனியின் வரவு செலவு, கொரியாவுக்குக் கட்டும் ராயல்டி, வழக்குகள், தொழிலில் உள்ள ஆபத்துகள் எல்லாவற்றையும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் தொகுத்து, பங்குக்கு அதிகபட்சம் 1,960 ரூபாய் என்ற விலைக்குக் காரணம் காட்டி, வாங்க ஆள் திரட்டியவை கோட்டக் மஹிந்திரா கேபிடல், சிட்டி, எச்.எஸ்.பி.சி., ஜே.பி. மார்கன், மார்கன் ஸ்டான்லி ஆகிய ஐந்து வங்கிகள். கம்பெனியைக் கம்பெனி வாங்கும்போதும் இவர்கள்தான் நடுவில் நிற்பார்கள். இதில் முதல் படியில் இருப்பவர் அனலிஸ்ட். எக்செல்லில் மதிப்பீட்டு மாடல் போடுவது, ஆவணத்தில் ஒவ்வொரு எண்ணையும் மூலத்தோடு ஒத்துப் பார்ப்பது, ராத்திரி இரண்டு மணிக்குத் திருத்தி அனுப்புவது அவர் வேலை. கணக்கியல் நன்றாகத் தெரிய வேண்டும், உடம்பு தாங்க வேண்டும், எழுத்தில் பிழை வரக் கூடாது. இதில் எதுவும் ஒரு குறிப்பிட்ட கல்லூரியின் தனிச்சொத்து இல்லை.

ஆனால் ஆள் எடுக்கும் முறை அப்படி இல்லை. அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐ.ஐ.எம்.கள், அவற்றை அடுத்து ஜம்னாலால் பஜாஜ் போன்ற சில இடங்கள். பெரிய வங்கிகள் அங்கே போய் இரண்டு மாதக் கோடைப் பயிற்சிக்கு ஆள் பொறுக்கி, பிடித்தவர்களுக்கு அப்போதே வேலை உறுதி கொடுத்துவிடும். பட்டியலில் இல்லாத கல்லூரி என்றால் பயோடேட்டாவை யாரும் திறந்துகூடப் பார்க்காமல் போகலாம். இது இந்திய வழக்கம் மட்டுமல்ல. லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் இன்வெஸ்ட்மென்ட் பேங்குகள், சட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுப்பதை உள்ளிருந்து ஆராய்ந்து 2015இல் ஒரு புத்தகம் எழுதினார். கல்லூரிப் பட்டியல்தான் முதல் சல்லடை. அதைத் தாண்டியவர்களிலும் தங்களைப் போலவே வளர்ந்து, தங்களைப் போலவே பொழுதுபோக்குபவரைத்தான் தேர்வாளர்கள் விரும்புகிறார்கள் என்று அவர் காட்டினார். மறுவருடமே கோல்ட்மன் சாக்ஸ், இளநிலை மாணவர்களுக்கான முதல் சுற்று நேர்காணலைக் கல்லூரி வளாகங்களில் நடத்துவதை நிறுத்தியது. எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்று வீடியோ நேர்காணலுக்கு மாறியது. பட்டியலால் நல்ல ஆட்களை இழக்கிறோம் என்று அந்தத் தொழிலுக்கே உறைத்திருக்கிறது.

நம் ஆட்கள் இந்த ஊரின் ஆபீஸ்களுக்குள் நுழைந்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். மாட்டுங்காவுக்கு வந்த முதல் தலைமுறை டைப்ரைட்டிங் லோயர், ஹையர், சுருக்கெழுத்துச் சான்றிதழ்களோடு ரயில் ஏறியது. முன்னால் வந்தவர் பின்னால் வந்தவரைத் தன் ஆபீசில் சேர்த்துவிட்டார். மெஸ்ஸில் சாப்பாடு, பஜனை சமாஜத்தில் அறிமுகம், 1932இல் அங்கே தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியில் பிள்ளைகளுக்குப் படிப்பு. 1960களில், சிவசேனையைத் தொடங்கிய பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ பத்திரிகை, மும்பைக் கம்பெனிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டபோது, இந்தக் கைதூக்கிவிடும் வழக்கமே குற்றச்சாட்டாக மாறியது. அந்த அரசியலின் வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டுங்காவின் அந்தக் கை, பக்கத்திலேயே இருந்த தாராவிக்கு நீளவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களும் தமிழர்கள்தான். மொழி ஒன்று, சாதி வேறு. ஸ்டெனோ வேலைக்கான சிபாரிசு ரயில் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போகவில்லை. இன்று பி.கே.சி.யின் கல்லூரிப் பட்டியல் செய்வதும் இதையேதான்.

ஆகவே, தெரிந்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு முகம் பார்க்காத தேர்வுதான் துணை. தமிழரான நாராயணன் வாகுல் 1957இல் தேர்வெழுதி ஸ்டேட் பேங்கில் புரபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தபோது நாட்டில் ஐ.ஐ.எம். என்று ஒன்று இல்லை. அவர் 44 வயதில் பேங்க் ஆஃப் இந்தியாவின் தலைவரானார், 1985இல் ஐ.சி.ஐ.சி.ஐ.க்குப் போனார். 1987இல் இந்தியாவின் முதல் கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான கிரிசில் அவர் முயற்சியில் பிறந்தது. 1993இல் ஜே.பி. மார்கனோடு கூட்டாக இன்வெஸ்ட்மென்ட் பேங்க் தொடங்கியதும் அவர் காலத்து ஐ.சி.ஐ.சி.ஐ.தான்.

நம் காலத்துக்கு வருவோம். மலாடில் ஒரு சால் வீட்டில் வளர்ந்தவர் பிரேமா ஜெயக்குமார். விழுப்புரம் மாவட்டத்துக் குடும்பம். அப்பா ஆட்டோ ஓட்டுநர். 2012 நவம்பரில் நடந்த சி.ஏ. இறுதித் தேர்வில் 800க்கு 607 வாங்கி அகில இந்திய அளவில் முதலிடம் பிடித்தார். அவருடைய தம்பியும் அதே தேர்வில் தேறினார். பிரேமாவின் விடைத்தாளைத் திருத்தியவருக்கு அவர் எந்தக் கல்லூரி, எந்த வீடு என்று தெரிந்திருக்க வழியில்லை.

இன்வெஸ்ட்மென்ட் பேங்குக்கு நான் சொல்லும் இரண்டாவது வாசல் இந்த சி.ஏ.தான். பி.காமில் 55 சதவீதம் வாங்கியவர் நேராக இடைநிலைத் தேர்வான இன்டருக்குப் பதியலாம். எம்.பி.ஏ.க்குக் கட்டும் லட்சங்களோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. கஷ்டம் குறைவில்லை. இறுதித் தேர்வில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதுபவர்களில் அண்மை ஆண்டுகளில் தேறுபவர்கள் 20 சதவீதத்துக்கும் கீழே. அதைவிட முக்கியமானது, ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பை எங்கே செய்கிறோம் என்பது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, லீவு தாராளமாகக் கிடைக்கிறது என்று சின்ன ஆடிட்டரிடம் இரண்டு வருடம் வரிக் கணக்கு மட்டும் எழுதினால் இந்த வாசல் திறக்காது. டியூ டிலிஜென்ஸும் (டீலுக்கு முன் கம்பெனியைத் துருவிப் பார்ப்பது) மதிப்பீடும் செய்யும் நிறுவனத்தைத் தேட வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஆடிட் ஆபீசை விட்டு ஒரு கம்பெனியிலோ நிதி நிறுவனத்திலோ இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் செய்ய விதியில் இடம் உண்டு. பலர் அதைக் கேட்பதே இல்லை. பாஸ் செய்தபின், பெரிய ஆடிட் நிறுவனத்தின் டிரான்சாக்‌ஷன் பிரிவிலோ, 2012இல் வந்த எஸ்.எம்.இ. பங்குத் தளங்களில் சிறு கம்பெனிகளைப் பட்டியலிடும் சின்ன மெர்ச்சன்ட் பேங்கரிடமோ இரண்டு மூன்று வருடம். அங்கே ஒரு டீலின் எல்லாப் பக்கமும் ஒருவர் கையிலேயே வந்து விழும். அதற்குப் பிறகு பெரிய வங்கியின் நேர்காணலில் கல்லூரிப் பெயர் இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது. முதல் கேள்வி, எந்த டீலில் என்ன செய்தாய் என்பது.

இந்த வழியில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. பெரிய வங்கிகளின் பெயர்ப்பலகை மலாடிலும் பவாயிலும் கூட இருக்கிறது. அங்கே நடப்பதில் பெரும்பகுதி செட்டில்மென்ட், ரிப்போர்ட்டிங் வேலை. கௌரவமான சம்பளம், நல்ல வேலை. ஆனால் அங்கிருந்து டீல் செய்யும் மேசைக்கு மாறுவது மிகக் கடினம். தெரிந்து சேர்ந்தால் தவறில்லை. இரண்டாவது பள்ளம் மோசமானது. ‘இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் சர்டிபிகேட், நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்யும் பயிற்சிக் கூடங்கள். இவற்றில் பல, கடன் வாங்கிக் கட்டிய பணத்துக்கு, மேலே சொன்ன அதே செட்டில்மென்ட் வேலையைத்தான் காட்டுகின்றன. செம்பூரிலும் சயானிலும் உள்ள பெற்றோர் பணம் கட்டுவதற்கு முன், முந்தைய பேட்ச் பிள்ளைகள் என்ன பதவியில் சேர்ந்தார்கள் என்று பெயரோடு கேளுங்கள்.

காசு கொடுக்காமல் கற்க முடிந்தது நிறைய இருக்கிறது. ஐ.பி.ஓ.வுக்கு வரும் கம்பெனிகளின் வரைவு ஆவணங்கள் செபி தளத்தில் இலவசம். ஹூண்டாய் ஆவணத்தையே எடுத்து, பணம் யாருக்குப் போகிறது, ஆபத்துகளில் முதலில் எதைச் சொல்லியிருக்கிறார்கள், விலைக்கு எந்தக் கம்பெனிகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்ற மூன்றையும் தேடி எழுதிப் பாருங்கள். பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு முதல் வாரம் தலை சுற்றும். விடாமல் படித்தால் புரியும்.

பி.கே.சி.யில் வேலைபார்க்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வங்கிகளில் ஊழியர் சிபாரிசுக்கு முறையான வழி இருக்கிறது. உங்கள் சாதிக்காரர், உங்கள் கல்லூரிக்காரர் என்று பார்க்காமல், தாராவியிலும் செம்பூரிலும் சி.ஏ. படிக்கும் பிள்ளைகளின் பயோடேட்டாவை வாங்கிப் படியுங்கள், திருத்திக் கொடுங்கள், தகுதி இருந்தால் உள்ளே அனுப்புங்கள். சயானில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, மாட்டுங்காவில் சமாஜங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஹாலை இதற்காகத் திறந்துவிடுவது அவர்களால் முடிகிற காரியம்.

(தொடரும்)