கரிசல் பருத்தியும் கப்பற்கொடியும்: அமெரிக்கக் கடல்முற்றுகை (1861–1865) குறித்த விளக்கம்

முன்னுரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமியாகும். இவற்றின் கரிசலிலும் அடுத்துள்ள சாத்தூர், கோவில்பட்டிக் கரிசலிலும் விளைந்த பருத்தி, ‘திருநெல்வேலிப் பருத்தி’ என்னும் வணிகப் பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியே இங்கிலாந்துக்குச் சென்றது. 1860களில் இந்தியப் பருத்தியின் விலை ஏறி வீழ்ந்தமைக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் காரணம் என்பது அறிந்த செய்தி. அவ்விலையேற்றத்திற்கும் கப்பல்கள் ஏற்றிய கொடிகளுக்கும் இருந்த தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

முற்றுகையும் கொடியும்

போருக்கு முன் இங்கிலாந்து ஆலைகளின் பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்கத் தென் மாநிலங்களே வழங்கின. அம்மாநிலங்களின் கடற்கரையை முற்றுகையிடுவதாக 1861 ஏப்ரல் 19 அன்று லிங்கன் அறிவித்தார். தென் மாநிலத்தார் தொடக்கத்தில் தாமே பருத்தியை அனுப்பாது நிறுத்தி இங்கிலாந்தை நெருக்க முயன்றனர். பின்னர் அனுப்ப விழைந்தபோது கடல்வழி அடைபட்டிருந்தது.

முற்றுகையை மீறிய நீராவிக் கப்பல்களுள் பல பிரித்தானியருக்கு உரியவை. பிரித்தானிய வணிகக் கொடியையே ஏற்றியவை. நசாவு, பெர்முடா ஆகிய தீவுத் துறைகளிலிருந்து இரவில் புறப்பட்டு, சார்ல்ஸ்டன், வில்மிங்டன் துறைகளுக்குச் சென்று பருத்தியுடன் மீண்டன. நடுநிலை நாட்டுக் கொடி பகைநாட்டுச் சரக்கையும் காக்கும் என்பது 1856ஆம் ஆண்டின் பாரிசுப் பிரகடன நெறி. ஆனால் போர்த் தளவாடங்களுக்கு அந்நெறி பொருந்தாது. உண்மையாகவே நடைமுறையில் உள்ள முற்றுகையை மீறும் கப்பலையும் அது காவாது. எனவே, 1863 நவம்பரில் பிடிபட்ட ‘பான்ஷீ’யைக் கொடி காக்கவில்லை. பிடிபட்ட மாலுமிகள் பிரித்தானியராயின் பொதுவாக விடுவிக்கப்பட்டனர். கப்பலும் சரக்கும் பறிமுதலாயின.

இலண்டனிலிருந்து நசாவுக்குச் சென்ற ‘ஸ்பிரிங்பாக்’ 1863 பிப்ரவரியில் நடுக்கடலிலேயே பிடிக்கப்பட்டது. 1866இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கப்பலை விடுவித்தது. சரக்கின் இறுதி இலக்கு முற்றுகைக்குட்பட்ட துறையே எனக் கருதிச் சரக்கைப் பறிமுதல் செய்தது. கொடியினும் பயண நோக்கமே முதன்மை பெற்றது.

இந்தியக் கடலில் கொடி மாற்றம்

தென் தரப்பின் ‘அலபாமா’ போர்க்கப்பல் அயல்நாட்டுக் கொடியுடன் வணிகக் கப்பல்களை அணுகி, தாக்குமுன் தன் கொடியை ஏற்றியது. அணுகுவதற்குப் போலிக் கொடி அன்றைய கடற்போர் வழக்கில் ஏற்கப்பட்ட உத்தியாகும். அதற்கு அஞ்சிய அமெரிக்க உரிமையாளர் பலர் தம் கப்பல்களைப் பிரித்தானியப் பதிவுக்கு மாற்றினர். ‘டெக்சன் ஸ்டார்’ அவ்வாறே ‘மார்த்தபான்’ ஆயிற்று. அம்மாற்றம் போலியானது எனக் கூறி 1863 டிசம்பர் 24 அன்று மலாக்கா நீரிணையில் ‘அலபாமா’ அதனை எரித்தது. அடுத்த மாதம் மலபார்க் கரைக்கு அப்பால் ‘எம்மா ஜேன்’ எரிக்கப்பட்டது.

கரிசலில் விளைவு

மீறிய கப்பல்கள் கொண்டுசென்ற பருத்தி ஆலைகளின் தேவைக்குப் போதவில்லை. லிவர்பூல் சந்தையில் இடைத்தர அமெரிக்கப் பருத்தி 1864இல் இறாத்தல் 30 பென்சு அளவை எட்டியது. குட்டை இழையுடையது எனத் தாழ்வாக எண்ணப்பட்ட இந்தியப் பருத்தியும் தேடப்பட்டது. ஆனால், கரிசலில் ஐப்பசி மழையை ஒட்டி விதைப்பவர் சில மாதங்களுக்குப் பின்னரே பருத்தி எடுப்பர். 1864 ஐப்பசியில் உயர்விலையை நம்பி விதைத்தவரின் அறுவடைக் காலத்தில், அதாவது 1865 ஏப்ரல் 9 அன்று, தென் படைத்தலைவர் லீ சரணடைந்தார். அதற்கு முன்னரே விலை சரியத் தொடங்கியிருந்தது. விதைப்புக்கும் விலைக்கும் இடைப்பட்ட அம்மாதங்களின் இழப்பு உழவரையே சார்ந்தது.

முடிவுரை

நடுநிலைக் கொடி முற்றுகையை முறியடிக்கும் ஆற்றல் பெற்றிருக்குமாயின், இந்தியப் பருத்திக்கு அத்துணைத் தேவை எழுந்திராது. கொடி என்பது உரிமைகோரலே, உரிமைச் சான்றன்று. ஆகவே கரிசல் வட்டாரத்தின் வேளாண் வரலாற்றை ஆராய்வோர் மழைக் கணக்கையும் நிலவரிக் கணக்கையும் நோக்குவதோடு, கடற்சட்ட வரலாற்றையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.